பழங்கட்டடங்களைச் செப்பனிடும் சுண்ணாம்பு வேலைக்கு அரசுத் திறன் பயிற்சி கோரி மனு

அனுப்புநர்:
கட்டடப் பணி மேற்பார்வையாளர்,
கும்பகோணம்.

பெறுநர்:
மேலாண்மை இயக்குநர் அவர்கள்,
தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம், சென்னை.

பொருள்: மரபுக் கட்டடப் பணியில் தொழிற்பழகுநர் பயிற்சி தொடங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நம் கோபுரங்களின் சுதை வேலையும், சத்திரங்கள், அரண்மனைகளின் செங்கல் சுவர்களும் சுண்ணாம்பை நம்பி நிற்பவை. அவற்றில் விரிசல் கண்டால் இன்று முதலில் வந்து இறங்குவது சிமென்ட் மூட்டைதான். பழஞ்சுவரில் ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியே வெளியேறிவிடும். சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவிடுகிறது. உப்பு பூத்துச் செங்கல் பொடிகிறது. கடைசியில் பூச்சு செங்கல்லின் முகத்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழுகிறது. நிதி ஒதுக்கிய பணிகளிலும் இது நடப்பதுதான் என்னை வருத்துகிறது. பணம் இருக்கிறது, சுண்ணாம்பு தெரிந்த ஆள் இல்லை.

குறுகிய காலப் பயிற்சி இதற்குப் போதாது. ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் உள்ள 18 தொழில்களில் கொத்தனார் வேலையும் ஒன்று. ஆனால் அதன் அடிப்படைப் பயிற்சி 5 முதல் 7 நாள்களே. சுட்ட சுண்ணாம்பை நீற்றி ஊறவைக்கவே அதைவிடக் கூடுதல் நாள்கள் வேண்டும். பிறகு கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்து அரைக்க வேண்டும். பூசியபின் வெயிலில் வெடிக்காமல் ஈரம் காக்க வேண்டும். கோடையில் ஒரு பதம், மழையில் வேறு பதம். ஓராண்டாவது சாரத்தில் நின்றவருக்கே இது கைவரும்.

ஆகவே, 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ், நடந்துகொண்டிருக்கும் திருப்பணிகளிலும் தொல்லியல் துறைப் பணிகளிலும் ஓராண்டுப் பயிற்சி தர ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையின் கால் பங்கை, ஒரு வரம்புக்குட்பட்டு, ஒன்றிய அரசு ஏற்கிறது. மாமல்லபுரத்தில் 1957 முதல் இயங்கிவரும் அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியைப் பாடத்திட்டம் வகுக்கக் கேட்கலாம்.

பயிற்றுநர்கள் குறித்து ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்த வேலை தெரிந்த மூத்த கொத்தனார்கள் பலரிடம் பள்ளிச் சான்றிதழ்கூட இருக்காது. அதைக் காட்டி அவர்களை ஒதுக்கிவிடக் கூடாது. அனுபவத்தில் கற்ற திறனை ஏற்கும் முன்கற்றல் அங்கீகார முறைப்படி அவர்கள் திறனைச் சோதித்துச் சான்றளித்து, தகுந்த மதிப்பூதியத்துடன் ஆசிரியர்களாக அமர்த்த வேண்டும். இன்னும் பத்தாண்டு கழித்துத் தேடினால் அவர்கள் கிடைப்பார்களா என்பது ஐயமே.

பயிற்சி முடித்தவர்களுக்கு வேலை உறுதியாக, மரபுக் கட்டட ஒப்பந்தப்புள்ளிகளில் சான்று பெற்ற சுண்ணாம்புக் கொத்தனார்களை அமர்த்துவதைக் கட்டாயமாக்கும்படி உரிய துறைகளுக்குத் தாங்கள் பரிந்துரைக்கவும் கேட்டுக்கொள்கிறேன்.

நேரில் விளக்க நாள் குறித்துத் தந்தால், மூத்த கொத்தனார்கள் சிலரையும் உடன் அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கட்டடப் பணி மேற்பார்வையாளர்