பழைய ரோட்டவேட்டருக்கு விலை போடுவது எப்படி: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

பழைய ரோட்டவேட்டரை (டிராக்டருக்குப் பின்னால் மாட்டி, சுழலும் பிளேடுகளால் மண்ணைப் பொடியாக்கும் கருவி) கொடுத்துவிட்டுப் புதுசு எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது இதுதான்: "வாங்கி மூணு வருஷம்தானே ஆச்சு, ஏன் இவ்வளவு குறைச்சுச் சொல்றீங்க?" விலை போடும்போது வருஷத்தை நாங்கள் கடைசியில்தான் பார்க்கிறோம். முதலில் எதைப் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டால், வண்டி வாடகை கொடுத்து ஏற்றி வருவதற்கு முன் நீங்களே களத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

புது விலை இறங்கினால் பழசும் கூடவே இறங்கும். 2025 செப்டம்பர் 22 முதல் உழவுக் கருவிகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகிவிட்டது. வரிக்கு முன் ஒரு லட்சம் விலையுள்ள கருவி முந்தின நாள்வரை 1,12,000 ரூபாய், அன்று முதல் 1,05,000. அதற்கு முன் வாங்கியவருக்குக் கொட்டகையை விட்டு வெளியே எடுக்காமலே 7,000 போய்விட்டது. மானியமும் இருக்கிறது. வேளாண் பொறியியல் துறை மூலம் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம், உச்சவரம்புக்கு உட்பட்டு. பழசு வாங்க வருகிறவர் உங்கள் பில் தொகையைப் பார்ப்பதில்லை. மானியம் போகப் புதுசுக்குத் தன் கையிலிருந்து எவ்வளவு இறங்கும் என்றுதான் பார்ப்பார். மானியத்துக்குக் காத்திருக்க முடியாதவர் வேண்டுமானால் கொஞ்சம் கூடக் கொடுப்பார். உங்களுடையதே மானியத்தில் வாங்கியது என்றால், விற்கக் கூடாது என்று மானிய ஆணையில் சொன்ன காலம் முடிந்ததா என்று படித்துவிட்டு விற்கவும்.

இனி இயந்திரம். பிளேடு தேய்ந்திருப்பது பெரிய குறை இல்லை. 5 அடி ரோட்டவேட்டருக்குப் பொதுவாக 36, 6 அடிக்கு 42 பிளேடு. செருப்பு மாதிரிதான், தேய்ந்தால் மாற்ற வேண்டியது. விற்பதற்கென்றே புது செட் மாட்டி வராதீர்கள், அந்தக் காசு முழுசாகத் திரும்பாது. அதைவிட மோசம், பாதிப் பிளேடு மட்டும் புதுசாக மாட்டி ஓட்டுவது. எடை ஒருபக்கம் இழுத்து ரோட்டர் (பிளேடுகளைத் தாங்கிச் சுற்றும் குழாய்) அதிரும், பேரிங் அடிபடும்.

நாங்கள் குனிந்து பார்ப்பது ரோட்டரின் இரண்டு முனைகளை. பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கத் தக்காளித் தோட்டங்களில் ஓடியது என்றால் அந்த இடுக்கில் கட்டாயம் ஏதாவது இருக்கும்: செடி தூக்கிக் கட்டிய நைலான் கயிறு, மண்ணை மூடும் மல்ச்சிங் ஷீட்டின் கிழிசல், சொட்டுநீர்க் குழாய்த் துண்டு. சுற்றச் சுற்ற இறுகிச் சூடேறி, ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலின் உதட்டை அறுத்துவிடும். ஆயில் ஒழுகின வழியாகவே மண் உள்ளே ஏறும். பிறகு பேரிங், கடைசியில் ஷாஃப்ட். ஒவ்வொரு நாள் ஓட்டத்துக்குப் பிறகும் ஒரு கத்தியால் அறுத்து எடுத்தால் சீல் தப்பிக்கும். அணைத் தண்ணீரில் நெல்லுக்குச் சேற்றுழவு ஓட்டியதையும் இதே இடத்தில்தான் சந்தேகத்தோடு பார்ப்போம்.

சோதிக்கும் முறை: ரோட்டவேட்டரைத் தூக்கி, அடியில் கனமான மரக்கட்டை கொடுத்து, டிராக்டரை ஆஃப் செய்து பி.டி.ஓ. ஷாஃப்ட்டை (டிராக்டரின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுவரும் தண்டு) கழற்றிவிடுங்கள். ரோட்டரின் ஒரு முனைக்குக் கீழே கடப்பாரை கொடுத்து மேலே நெம்புங்கள். டக் டக்கென்று ஆடினால் பேரிங் போயிற்று. அடுத்து ஒரு கம்பியை பிளேடு மாட்டும் தட்டின் ஓரத்துக்கு நேராக நிறுத்தி, ரோட்டரைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் ரோட்டர் குழாய் வளைந்திருக்கிறது. கல் கலந்த செம்மண்ணில் ஓடியதில் தட்டு வெல்டிங்கில் முடி மாதிரி விரிசல் விழும், பிளேடு போல்ட் ஓட்டை நீள்வட்டமாகும். அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் பளபளப்பாக இருந்தால் நாங்கள் சுரண்டிப் பார்ப்போம். சொல்லிவிட்டால் நல்லது.

கியர் பாக்ஸ் ஆயிலைக் கொஞ்சம் இறக்கி விரலில் தடவிப் பாருங்கள். பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெள்ளித்தூள் மினுங்கினால் பல் தேய்கிறது. விலை அதிகம் இறங்குவது இதில்தான். பி.டி.ஓ. ஷாஃப்ட் வளைந்து சுற்ற உதவும் இணைப்பான கிராஸ் ஆடுகிறதா என்றும் பாருங்கள். வரப்போரம் திரும்பும்போது பி.டி.ஓ.வை நிறுத்தாமல் உயரத் தூக்குகிறவர்களுக்கு இது சீக்கிரம் போகும்.

கொத்துக் கலப்பைக்கு இவ்வளவு பாடு இல்லை. அதன் இரும்புச் சட்டம் கோணியிருக்கிறதா என்று மூலைக்கு மூலை டேப் பிடியுங்கள், இரண்டு அளவும் ஒன்றாக வர வேண்டும். டிராக்டரின் கீழ்க்கையை (கருவியைத் தூக்கும் கீழ்ப்பக்கக் கை) மாட்டும் பின் சிறிய டிராக்டருக்கு 22 மி.மீ., பெரியதற்கு 28. ஓட்டை விரிந்து லொட லொட என்று இருந்தால் விலையில் கழிப்போம். எவ்வளவு பழசானாலும் இரும்பு விலைக்குக் கீழே இது போகாது. வட்டச் சட்டிகளால் மண்ணைப் புரட்டும் சட்டிக் கலப்பையில் நாங்கள் பார்ப்பது சட்டியின் விட்டமும் பேரிங்கும்தான்.

தேய்மானக் கணக்கு இரண்டு உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம். வாடகை உழவைத் தொழிலாகக் காட்டுகிறவருக்கு வருமான வரியில் வருஷம் 15 சதவீதம், மிச்சத் தொகையின் மேல்: 1,20,000 ரூபாய்க் கருவி 1,02,000, பிறகு 86,700, மூன்றாம் வருஷ முடிவில் 73,695. சந்தை அதைக் கேட்டு நடக்காது. அங்கே மணிக்கணக்குதான். அதே கருவி 1,600 மணி நேரம் ஓடி 24,000-க்கு விலைபோகும் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 60 ரூபாய் தேய்மானம். பிளேடு, ஆயில், டீசல் தனி. வாடகை பேசும்போது இந்த 60-ஐ விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம், கருவி மாற்றும்போது கையில் பணம் இல்லாமல் போவதும் அதனால்தான்.

பங்குனி, சித்திரையில் கோடை உழவுக்கும் ஆடிப்பட்டத்துக்கும் கருவி தேடுவார்கள். அப்போது விற்பது நல்லது. எங்களிடம் மாற்றினால் பழுது பார்க்கும் செலவும் எங்கள் லாபமும் கழியும். அக்கம்பக்கத்தில் நேராக விற்க முடிந்தால் உங்களுக்குக் கூடுதலாகவே கிடைக்கும், அதில் எங்களுக்கு வருத்தமில்லை.

கொண்டு வரும்போது அசல் பில், சட்டத்தில் பதித்த நம்பர் தகடு, பி.டி.ஓ. ஷாஃப்ட் மூன்றும் இருக்கட்டும். கடனில் வாங்கியிருந்தால் வங்கியின் நிலுவையில்லாச் சான்றும். மண்ணைக் கழுவிவிட்டு வாருங்கள், பெயிண்ட் மட்டும் அடிக்காதீர்கள்.

இப்படிக்கு,
உழவுக் கருவிப் பட்டறை, தருமபுரி