வேலைக்காரர்கள் வெளியேறும் வீடு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து நீ மறுபடியும் படம் பார்க்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் பெரும் நிம்மதி ஏற்பட்டது. இங்கே வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கிறார்கள். நூலக மாடியில் மாதந்தோறும் படம் திரையிடும் எங்கள் சிறு குழுவும் கலையாமல் நடந்துவருகிறது. நீ எழுதியிருந்த கேள்வியை அங்கே படித்துக் காட்டினேன்; அதன் பிறகு அன்று வேறு எதைப் பற்றியும் பேச முடியவில்லை.

பணக்காரரைக் கேலி செய்யும் படத்தைப் பணக்காரரே எழுந்து நின்று கைதட்டி வரவேற்கிறார்கள் என்றால், அந்த அங்கதத்தால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்டிருந்தாய். போங் ஜூன் ஹோவின் கொரியப் படமான 'பாராசைட்' 2019-இல் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதையும், மறு ஆண்டு சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதையும் பெற்றதையே அதற்குச் சான்றாகவும் காட்டியிருந்தாய். சிரித்து முடித்தவனுக்குக் கோபம் மிச்சமிருப்பதில்லை என்ற உன் கருத்தில் ஒரு பகுதியை நான் ஏற்கிறேன். முதலாளியை அரக்கனாகக் காட்டும் படங்கள் அப்படித்தான் செய்கின்றன. அரக்கனைப் பார்த்துச் சிரிக்கும் எவரும் தாம் அவனல்லர் என்ற நிறைவோடு வீடு திரும்பிவிடலாம். ஆனால் 'பாராசைட்' அந்த வழியை நமக்கு அடைத்துவிடுகிறது என்றே நான் நினைக்கிறேன்.

அந்தப் படத்தில் ஏழைகளான கிம் குடும்பத்தார், செல்வரான பார்க் குடும்பத்தின் மாளிகையில் ஒவ்வொருவராக வேலைக்குச் சேர்கிறார்கள். அந்தப் பார்க் குடும்பத்தார் யாரையும் அடிப்பதில்லை, கூலியைப் பிடித்துக்கொள்வதில்லை, குரலை உயர்த்திப் பேசுவதுகூட இல்லை. அவர்களுடைய அதிகாரம் முழுவதும், தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை என்பதில் அடங்கியிருக்கிறது. பெருமழை பெய்த இரவில் பாதி தரைக்குக் கீழே இருக்கும் கிம் குடும்பத்தின் அரை நிலவறை வீட்டில் சாக்கடை நீர் புகுந்து, அவர்கள் ஒரு விளையாட்டுக் கூடத்தின் தரையில் படுத்துறங்க நேர்கிறது. மறுநாள் காரின் பின்னிருக்கையில் அமர்ந்து தொலைபேசியில் பேசும் பார்க்கின் மனைவி, நேற்றைய மழையால் காற்றில் தூசு அடங்கியது எவ்வளவு நல்லதாயிற்று என்று மனதார மகிழ்கிறாள். காரை ஓட்டிக்கொண்டிருக்கும், கிம் குடும்பத்துத் தந்தையான கி டேக்கின் மீதிருந்து வரும் வாடையால் அவள் சன்னலைத் திறக்கிறாள். அவளிடம் கொடுமை என்று சொல்லத்தக்க ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருக்கும் எவரும், நான் உட்பட, அந்தக் காட்சியை அமைதியாகப் பார்த்துவிட முடியாது.

உனக்கு இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். வட கொரியாவுடனான பகை முற்றியிருந்த 1970-இல், போர் மூண்டால் பதுங்குவதற்காகப் புதிய தாழ்மாடிக் குடியிருப்புகளில் நிலவறை அமைக்க வேண்டும் என்று தென் கொரிய அரசு விதித்தது. அவற்றில் ஆட்களைக் குடிவைப்பது முதலில் சட்டத்துக்குப் புறம்பாக இருந்தது. பின்னர் சியோலில் வீட்டுப் பஞ்சம் மிகுந்தபோது, 1980-களில், அதற்கும் அனுமதி கிடைத்தது. பார்க்கின் மாளிகைக்கு அடியில் இருக்கும் இரகசிய அறையும் அதே அச்சத்தில் கட்டப்பட்டதுதான் என்று படத்திலேயே சொல்லப்படுகிறது. ஒரே அச்சம் மேட்டில் செல்வருக்கு ஒளிவிடத்தையும் பள்ளத்தில் ஏழைக்கு வாடகை வீட்டையும் தோண்டியிருக்கிறது. 2022 ஆகஸ்டில் சியோலில் கொட்டிய மழையில் இத்தகைய வீடொன்றில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் வெளியேற முடியாமல் இறந்தார்கள். அதன் பிறகே நகர நிர்வாகம் இந்தக் குடியிருப்புகளைப் படிப்படியாக ஒழிக்கப்போவதாக அறிவித்தது. இயக்குநர் மிகைப்படுத்துகிறார் என்று நீ எழுதிய இடத்தில் நான் உன்னோடு உடன்படாததற்கு இதுவே காரணம்.

ஏழைகளை ஏமாற்றுக்காரர்களாகக் காட்டிவிட்டார் என்பது உன் இரண்டாவது மனக்குறை. அதைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். கிம் குடும்பத்தார் அந்த வீட்டின் பழைய ஓட்டுநரையும் பணிப்பெண் மூன் குவாங்கையும் பொய் சொல்லி விரட்டிவிட்டே அந்த இடங்களில் அமர்கிறார்கள். திரும்பி வரும் மூன் குவாங், 4 ஆண்டுகளுக்கும் மேலாக நிலவறையில் ஒளிந்திருக்கும் தன் கணவனுக்குச் சோறு போடும்படி கி டேக்கின் மனைவி சுங் சூக்கிடம் கெஞ்சுகிறாள். அக்கா என்று அழைத்து, நாம் இருவரும் இல்லாதவர்கள்தானே என்கிறாள். சுங் சூக் அந்த உறவையும் ஏற்கவில்லை, அந்த ஒப்புமையையும் ஏற்கவில்லை. அடுத்த சில நிமிடங்களில் கிம் குடும்பத்தின் குட்டு வெளிப்பட்டு, அதை மூன் குவாங் தன் கைபேசியில் பதிவு செய்துகொண்டதும், கெஞ்சியவள் ஆணையிடத் தொடங்குகிறாள். அதிகாரம் என்பது ஒருவரின் குணமல்ல, அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்பதை இவ்வளவு குறைந்த நேரத்தில், இவ்வளவு சிரிப்போடும் வலியோடும் காட்டிய வேறொரு காட்சியை நான் பார்த்ததில்லை. இத்தனை கலவரமும் தனக்குக் கீழே நடக்க, வீட்டுக்காரருக்குத் தம் வீட்டில் அப்படியோர் அறை இருப்பதே தெரியாது. வீட்டை அறிந்தவள் அதைத் துடைத்துப் பெருக்கியவள்தான்.

சென்ற மாதம் நாங்கள் திரையிட்ட பழைய படத்தை நீயும் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. ஸ்பெயினில் பிறந்த லூயி புனுவல் மெக்சிகோவில் இருந்தபோது 1962-இல் எடுத்த 'தி எக்ஸ்டெர்மினேட்டிங் ஏஞ்சல்' அது. ஒரு மாளிகையில் விருந்து. விருந்தினர் வரும் வேளையில், சமையல்காரர் உட்படப் பணியாளர்கள், தங்களுக்கே காரணம் விளங்காமல், ஒவ்வொருவராக வெளியேறிவிடுகிறார்கள். மேற்பார்வையாளர் ஒருவர் மட்டும் எஞ்சுகிறார். விருந்து முடிந்த பிறகு கனவான்களும் சீமாட்டிகளும் அந்தக் கூடத்தின் வாயிலைத் தாண்ட முடியாமல் போகிறார்கள். கதவு திறந்தே இருக்கிறது, தடுப்பார் எவருமில்லை, ஆனாலும் அவர்களால் வெளியே காலெடுத்து வைக்க முடியவில்லை. சுவரை உடைத்துக் குழாய் நீரைக் குடிக்கிறார்கள். கூடத்துக்குள் வந்த ஆடுகளைக் கொன்று நெருப்பில் வாட்டித் தின்கிறார்கள். நாகரிகம் என்று அவர்கள் அணிந்திருந்தது நாளுக்கு நாள் உரிந்து விழுகிறது.

புனுவல் இதற்கு விளக்கம் எதுவும் தருவதில்லை. ஆனால் பணியாளர்களின் வெளியேற்றத்தைப் படத்தின் தொடக்கத்திலேயே வைத்ததில் எனக்கு ஒரு பொருள் தெரிகிறது. பரிமாறவும் துடைக்கவும் கதவைத் திறந்துவிடவும் கைகள் இல்லாதபோது அந்த வர்க்கத்துக்குத் தானாக எழுந்து நடக்கவும் தெரியவில்லை. இன்னொன்றையும் கவனித்தேன்: உணவுத் தட்டோடு பணியாள் இடறி விழும்போது, அது விருந்துக்காக ஏற்பாடு செய்த வேடிக்கை என்று எண்ணி விருந்தினர் சிரிக்கிறார்கள். உழைப்பவனின் தடுமாற்றம் அவர்களுக்கு நிகழ்ச்சி நிரலின் ஒரு பகுதி. அங்கதத்தின் சிரிப்பு கோபத்தை ஆற்றிவிடும் என்ற உன் வாதத்துக்கு அந்தக் காட்சியே என் பதில். அங்கே சிரிப்பவர்களைப் பார்த்த பிறகு, இடறுபவனைக் கண்டு நாம் எளிதாகச் சிரித்துவிட முடியாது.

அண்மையில் வந்த சில ஐரோப்பிய, அமெரிக்கப் படங்களில் செல்வர்களைக் கப்பலிலோ தீவிலோ கொண்டுபோய் அவமானப்படுத்துவது வழக்கமாகிவிட்டது. அவற்றில் பெரும்பாலானவை நீ சொன்ன குற்றச்சாட்டுக்கு உரியவை. அவை செல்வரைத் தண்டிப்பதில் காட்டும் ஆர்வத்தை, அவருக்குச் சோறு சமைத்தவர் எப்படி வாழ்கிறார் என்று பார்ப்பதில் காட்டுவதில்லை.

ஒன்றில் மட்டும் எனக்கு இன்னும் தெளிவு ஏற்படவில்லை. 'பாராசைட்' முடிவில், தன் கையால் கொன்ற பார்க்கின் படத்துக்கு முன்னால் நின்று கி டேக் நிலவறையில் மன்னிப்புக் கேட்கிறான். அது ஒரு கொலைக்கான உண்மையான வருத்தமா, அல்லது தனக்கு முன் அங்கே ஒளிந்திருந்த மூன் குவாங்கின் கணவனைப் போல இவனும் முதலாளியை வணங்கக் கற்றுக்கொண்டுவிட்டானா? எங்கள் குழுவில் பாதிப் பேர் ஒரு பக்கமும் மீதிப் பேர் மறுபக்கமும் நிற்கிறார்கள். நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன், ஆனால் உறுதியாக அல்ல. படத்தை மறுபடியும் பார்த்துவிட்டு, உனக்கு எப்படித் தோன்றுகிறது என்று விரிவாக எழுது.

அன்புடன்,
உன் தோழி