தட்டு காலியாகும்வரை குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள்

மழலையர் பள்ளி நிர்வாகத்தினருக்கும், மதிய உணவு வேளையைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியைகளுக்கும் வணக்கம்.

சென்ற வாரம் நடந்தது உங்களுக்குத் தெரியும். தட்டில் புதிதாக வைத்த காயைத் தொடவில்லை என்பதற்காக, மற்றப் பிள்ளைகள் விளையாடப் போன பிறகும் என் மகள் மட்டும் மேசையில் உட்கார வைக்கப்பட்டாள். பிறகு வலுக்கட்டாயமாக ஊட்டியதில் வாந்தி எடுத்துவிட்டாள். மூன்று வயதுக் குழந்தை. இப்போது வீட்டில் நாங்கள் கரண்டியைக் கையில் எடுத்தாலே அவள் வாயை இரண்டு கைகளாலும் பொத்திக்கொள்கிறாள். முன்பு தானே கேட்டு வாங்கிச் சாப்பிட்டவற்றையும் தொடுவதில்லை. அவள் நலன் கருதியே ஊட்டினோம் என்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் அவள் மனதில் பதிந்திருப்பது கன்னத்தை அழுத்திப் பிடித்த கைதான். அழும் குழந்தையின் வாயில் உணவைத் திணித்தால் அது மூச்சுக்குழாயில் சிக்கக்கூடும் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் நடுங்குகிறது.

புதிய உணவைக் கண்டு தயங்குவது பிடிவாதம் அல்ல. ஏறத்தாழ 2 வயது முதல் 6 வயதுவரை இந்தத் தயக்கம் மிகுந்திருப்பது வளர்ச்சியின் இயல்பு. இனிப்பை விரும்புவதும் கசப்பை வெறுப்பதும் பிறவியிலேயே வருபவை. முதல் ஆண்டில் எடை மும்மடங்காகும் குழந்தைக்கு, அதன் பிறகு வளர்ச்சியின் வேகமும் பசியும் குறைவதும் இயற்கையே. ஒரு புதிய சுவை பழகுவதற்குப் பல நாட்கள், எட்டு முதல் பதினைந்து முறைகூடச் சிறிதளவு சுவைத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம். பார்ப்பது, தொடுவது, முகர்வது, நக்கிவிட்டுத் துப்புவது எல்லாம் அந்தப் பழக்கத்தின் படிகளே. ஒரே மதிய வேளையில் அதை முடித்துவிட முடியாது.

வற்புறுத்தினால் என்ன ஆகும் என்பதும் ஆராயப்பட்டிருக்கிறது. குழந்தைகளின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்த லீயான் பர்ச் உள்ளிட்டோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், சூப்பைக் குடித்து முடிக்கச் சொல்லி வற்புறுத்தப்பட்ட சிறு குழந்தைகள், வற்புறுத்தாதபோது குடித்ததைவிடக் குறைவாகவே குடித்தார்கள். அதைப் பற்றிக் குறையும் அதிகம் சொன்னார்கள். என் கோரிக்கை இதுதான்: எந்தக் குழந்தையையும் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். எதை, எப்போது, எங்கே பரிமாறுவது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். சாப்பிடுவதா, எவ்வளவு என்பதைக் குழந்தை முடிவு செய்யட்டும்.

காலித் தட்டுக்கு நட்சத்திரம் ஒட்டும் அந்தப் பலகையையும் எடுத்துவிடுங்கள். வயிறு நிறைந்தது என்று உடல் சொல்வதைக் கேட்கத் தெரிந்த குழந்தைக்கு, அதைக் கேட்காதே என்று நாமே கற்றுக்கொடுக்கிறோம். பள்ளியை மட்டும் சொல்லி என்ன பயன்? நிகழ்ச்சிகளிலும் விருந்துகளிலும் பெரியவர்கள் அனைவருக்கும் குழந்தையின் வாய் பொதுச் சொத்தாகத்தான் தெரிகிறது. வேண்டாம் என்று தலையைத் திருப்பும் பிள்ளையைச் சுற்றி நின்று சிரிக்கிறோம். இன்னொரு கவளத்தைத் திணிக்கிறோம். பெரியவர் ஒருவரிடம் இப்படி நடந்துகொள்ளத் துணிவோமா?

கோபம் என்னைச் சற்று இழுத்துச் சென்றுவிட்டது. நாற்பது பிள்ளைகளை ஒரே வேளையில் சாப்பிட வைக்கும் சிரமம் எனக்குப் புரிகிறது. நான் கேட்பது உங்கள் வேலையைக் குறைக்கவே செய்யும். குழந்தைக்குப் பழகிய உணவு ஒன்றின் பக்கத்தில் புதியதைத் துளியளவு வையுங்கள். ஆசிரியைகளும் அருகில் அமர்ந்து அதையே சாப்பிடுங்கள். விரும்பிச் சாப்பிடும் தோழர்களுக்குப் பக்கத்தில் இடம் கொடுங்கள். தொடாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்துவிட்டு, சில நாட்கள் கழித்து மீண்டும் வையுங்கள். மிச்சம் வைத்ததை மாலையில் எங்களிடம் சொன்னால் போதும். குழந்தையின் எதிரே குற்றமாகச் சொல்ல வேண்டாம்.

வரும் திங்கள் முதல் எந்தக் குழந்தைக்கும் வலுக்கட்டாயமாக ஊட்டமாட்டோம், சாப்பிடாததற்காக விளையாட்டு நேரத்தைப் பறிக்கமாட்டோம் என்று எல்லாப் பெற்றோருக்கும் எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாணவி ஒருத்தியின் தாய்