ரோட்ஸ் மலையில் நின்றவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லாருக்கும் வணக்கம்.

ரோட்ஸ் ஓட்டம் முடிந்து டர்பன் வந்து சேர்ந்துவிட்டேன். கால் நகங்கள் கறுத்திருக்கின்றன, மற்றபடி சுகம். பார்க்கிறவர்கள் எல்லாம் என்னைப் பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டு போய்ச் சேர வேண்டிய ஆட்கள் வேறு. அதனால்தான் இந்த மடல்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவின் ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில், டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடரின் தென்பகுதியில், பெல் ஆற்றங்கரையில் இருக்கும் சின்னக் கிராமம் ரோட்ஸ். நடுக்குளிர்காலத்தில் அங்கே 52 கிலோமீட்டர் மலை ஓட்டம் நடக்கிறது. பள்ளத்தாக்கு மண் சாலையில் ஓடி, மேவிஸ் பேங்க் என்ற செங்குத்து ஏற்றத்தில் மூச்சிரைக்க ஏறினால் 2600 மீட்டரைத் தாண்டிவிடுவோம். அங்கே காற்றின் அழுத்தம் டர்பனில் இருப்பதில் முக்கால் பங்குதான். குளிரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 2013 ஆகஸ்டில் மைனஸ் 20.1 டிகிரி பதிவாகி நாட்டின் சாதனையான பஃபல்ஸ்ஃபொன்டைன் இதே மாகாணத்தில்தான் இருக்கிறது. நாங்களோ குளிர்காலமான ஜூலையிலும் ஸ்வெட்டர் வேண்டுமா என்று யோசிக்கிற கடற்கரைக்காரர்கள்!

முதல் நன்றி மலை முகட்டில் நின்ற தொண்டர்களுக்கு. ஓடுகிறவனுக்குக் குளிர் அவ்வளவு பெரிய விஷயமில்லை, உடம்பு தானாகச் சூடு பிடித்துவிடும். நின்றால்தான் வம்பு. வியர்வை ஈரத்தில் அந்தக் காற்று பட்டதும் பல் தந்தியடிக்க ஆரம்பித்துவிடும். நீங்களோ காலையிலிருந்து கடைசி ஆள் கடக்கும்வரை அங்கேயே நின்றீர்கள். என் எண்ணை எழுதிக்கொண்டு, கண்ணைப் பார்த்து, "உன் பேர் என்ன? இன்று என்ன கிழமை?" என்று கேட்டீர்கள். அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. குளிர் மூளைக்கு ஏறியவன் வாய் குழறுவான், அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்தக் கேள்வி என்று அப்புறம்தான் விளங்கியது. என் விரல்கள் மடங்காததைப் பார்த்துத் தன் கையுறையையே கழற்றிக் கொடுத்த அண்ணா, அது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. துவைத்துவிட்டேன். ஓட்டம் நடத்துகிறவர்களிடம் உங்கள் முகவரியைச் சொல்லிவையுங்கள், அனுப்பிவைக்கிறேன்.

பார்க்லி ஈஸ்ட் தாண்டியதும் மண் சாலையில் எங்கள் டயர் வெடித்தது. பக்கத்துப் பண்ணைக்காரர் இருட்டில் டிராக்டர் விளக்கைப் போட்டு மாற்றிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அந்த ஐயாவுக்கும் நன்றி.

ரோட்ஸை ஒட்டிய ஸாகேலே குடியிருப்பிலிருந்து வந்து சூப் காய்ச்சிய அம்மாமார்களுக்கு என்கோசி, உங்கள் கோசா மொழியிலேயே நன்றி! பெரிய பானையிலிருந்து நீங்கள் ஊற்றிக் கொடுத்த பீன்ஸ் சூப்பில் கொஞ்சம் மிளகாய் இருந்திருந்தால் நான் அங்கேயே குடியேறியிருப்பேன்.

எங்கள் சாட்ஸ்வர்த் ஓட்டக் குழுவுக்கு வருகிறேன். முதுகுப் பையின் தண்ணீர்க் குழாய் உறைந்து போகாமலிருக்க, ஒவ்வொரு முறை குடித்ததும் காற்றை உள்ளே ஊதித் தண்ணீரைப் பைக்கே திருப்பி அனுப்பு என்று சொல்லிக் கொடுத்த அக்கா, உங்களால்தான் மேலே எனக்குக் குடிக்கத் தண்ணீர் இருந்தது. உறைந்த குழாயைச் சப்பிக்கொண்டு வந்த சிலரை வழியில் பார்த்தேன், பாவம். விடியற்காலை நாலு மணிக்கு எங்களோடு எழுந்து, வேண்டுமென்றே ஈரச் சட்டையோடு ஓடவைத்துப் பழக்கிய மாமாவுக்கும் நன்றி. பீட்டர்மாரிட்ஸ்பர்க் கோயிலில் பெரிய வெள்ளிக்கிழமை தீ மிதிப்பவர் அவர். "தீ மிதிச்ச குடும்பம்டா, பனிக்குப் பயப்படுமா?" என்பார். அவர் மட்டும் ரோட்ஸ் பக்கமே வரவில்லை, அது வேறு கதை.

பெரியம்மா, பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம், அது ஈரத்தைக் குடித்துக்கொண்டு விடாது, கம்பளிதான் நனைந்தாலும் சூடு காக்கும் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்துப் பின்னிய குல்லாவைக் கேலி செய்தவர்கள் இப்போது தங்களுக்கும் ஒன்று கேட்கிறார்கள். நிறத்தை மட்டும் மாற்றிப் பின்னுங்கள். பிளாஸ்கில் ஊற்றி அனுப்பிய ரசத்தை ஓட்டம் முடிந்ததும் நாலு பேர் பங்கு போட்டுக் குடித்தோம். அதில் ஒருவர் கேப்டவுனிலிருந்து வந்த ஆப்பிரிக்கான்ஸ்காரர். தும்மித் தும்மிக் குடித்தார், செய்முறையையும் எழுதிக்கொண்டார்.

வருகிற ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டில் மட்டன் கறியும் ரொட்டியும். குழுவில் எல்லாரும் வாருங்கள். எத்தனை பேர் என்று வெள்ளிக்குள் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், கறி வாங்க வேண்டும்.