பி.காம். மாணவர் கையில் ஒரு பில் கட்டைக் கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் பி.காம். படிப்புக்குரிய வேலைவாய்ப்புகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பட்டத்தோடு டேலி என்ற கணக்கு மென்பொருளின் பயிற்சிச் சான்றிதழும் இருந்தால் போதும், வேலை தேடி வரும் என்ற நம்பிக்கையோடு அது முடிந்திருந்தது. திருப்பூரில் வரி ஆலோசனை அலுவலகம் ஒன்றில் பல ஆண்டுகளாகக் கணக்கு பார்த்து வருகிறேன். கல்லூரி முடித்து நேராக வந்து சேரும் பிள்ளைகளுக்கு வேலை பழக்குவது என் பொறுப்பு. டேலியை அவர்கள் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்கிறார்கள். ஒரு பில்லைக் கையில் கொடுத்து, "இதை எந்தக் கணக்கில் எழுத வேண்டும்?" என்று கேட்டால்தான் தடுமாறுகிறார்கள்.

அது அவர்களுடைய தவறே இல்லை. பிளஸ் ஒன் தொடங்கிப் பட்டத் தேர்வு வரை ஐந்து ஆண்டுகளாக அவர்கள் போடும் பெரிய கணக்கெல்லாம் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறது: "கீழ்க்காணும் இருப்பாய்விலிருந்து இறுதிக் கணக்குகளைத் தயார் செய்க." எல்லாக் கணக்குகளின் மீதிகளையும் தொகுத்த பட்டியலான இந்த இருப்பாய்வைத் தொழிலில் யாரும் தயாராக எடுத்து நீட்டுவதில்லை. ஒரு பை வரும். அதற்குள் நூல் வாங்கிய பில், டீசல் ரசீது, மின்கட்டண ரசீது, வங்கிக் கணக்கு அறிக்கை எல்லாம் கலந்து கிடக்கும். முதலாளி வீட்டு மளிகை பில்லும் நடுவில் செருகியிருக்கும். அந்த மளிகை பில்லைத் தொழிற்செலவில் சேர்க்காமல் முதலாளி சொந்தச் செலவுக்கு எடுத்ததைக் காட்டும் எடுப்புக் கணக்குக்குக் கொண்டுபோக வேண்டும் என்று தெரிந்துகொள்வதில்தான் கணக்குப்பதிவியல் தொடங்குகிறது. புத்தகத்தில் "எடுப்புகள் ரூ.5,000" என்று முன்கூட்டியே பிரித்துக் கொடுத்துவிடுகிறோம். யோசிக்க வேண்டிய இடத்தை நாமே யோசித்து முடித்துவிட்டு, கூட்டல் கழித்தலை மட்டும் மாணவருக்கு விட்டுவைக்கிறோம்.

எங்கள் ஊரிலிருந்தே ஓர் உதாரணம். பின்னலாடை நிறுவனம் ஒன்று துணியைச் சாய ஆலைக்கு அனுப்புகிறது. துணி, விற்பனை பில் இல்லாமல், சரக்கு அனுப்பிய விவரத்தை மட்டும் சொல்லும் டெலிவரி சலானில் போகிறது. சாயமிட்டு முடித்ததும் ஆலை தன் கூலிக்கு மட்டும் பில் போடுகிறது. புதிதாக வரும் பட்டதாரி, சரக்கு வெளியே போய்விட்டதே என்று சலானைப் பார்த்து விற்பனை எழுதிவிடுகிறார். மார்ச் 31 அன்று ஆலையில் கிடக்கும் துணியை இறுதிச் சரக்கிருப்பில் சேர்க்க மறக்கிறார். அந்தத் துணி இன்னும் நிறுவனத்தின் சொத்து. ஓராண்டுக்குள் திரும்பி வராவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கொண்டு ஜி.எஸ்.டி. சட்டம் வரி கேட்கும். இவ்வளவும் ஒரு சலான் தாளுக்குள் இருக்கிறது. சாய ஆலைகளுக்கு நடுவில் வளர்ந்த பிள்ளைக்கே இதைச் சொல்லித்தராத பாடத்திட்டத்தை எப்படி ஏற்பது?

நம் ஏட்டில் உள்ள வங்கி இருப்பை வங்கி அறிக்கையோடு ஒப்பிடும் வங்கிச் சரிகட்டும் பட்டியலையும் பாருங்கள். கொடுத்த காசோலை பணமாக்கப்படவில்லை, செலுத்திய காசோலை வசூலாகவில்லை என்ற இரண்டு காரணங்களைச் சுற்றியே இன்றும் கணக்குகள் போடப்படுகின்றன. கடைகளில் பணம் இன்று கியூ.ஆர். அட்டையிலும் கார்டு மெஷினிலும் வருகிறது. வாடிக்கையாளர் கார்டில் 10,000 ரூபாய் செலுத்துகிறார். இதற்கு வங்கி பிடிக்கும் கட்டணம் நூற்றுக்கு ஒன்றரை என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் 150, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 27 ரூபாய், மீதி 9,823 ரூபாய்தான் வங்கியில் வரவாகிறது. வங்கி அறிக்கையை மட்டும் பார்த்து 9,823 ரூபாயை வசூலாக எழுதினால் விற்பனையும் குறைகிறது, செலவும் மறைகிறது, திரும்பப் பெறவேண்டிய 27 ரூபாய் வரி வரவும் போய்விடுகிறது. ஒரு நாளுக்கு இது சிறு தொகை. ஓர் ஆண்டுக்குக் கூட்டிப் பாருங்கள்.

இந்தப் பாடத்துக்கு இன்னொரு கனமும் உண்டு. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் அப்போதைய தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய ரொக்கம் மற்றும் வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்று 2009 ஜனவரி 7 அன்று கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். தணிக்கைத் தாளில் இதை ஒரு கட்டுரை வினாவாகப் படித்துவிட்டுப் போகிறார்கள். ஏட்டில் உள்ள இருப்பை வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டுச் சரிபார் என்று பதினோராம் வகுப்பில் படித்ததுதான் அங்கே கேள்விக்குள்ளானது என்பதை வகுப்பறையில் இணைத்துக் காட்ட வேண்டாமா?

பழைய பாடங்களைத் தூக்கி எறியச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். பற்று வரவு எதற்கு, மென்பொருளே போட்டுவிடுமே என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. இயந்திரம் வாங்கியதைப் பழுதுபார்ப்புச் செலவில் எழுதினாலும் டேலியில் இருப்பாய்வு சரியாகவே பொருந்தும். அது சொத்தைச் செலவாக எழுதிய விதிப்பிழை என்று மனிதர்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிழைத் திருத்தப் பாடம் இன்றைக்கு முன்னெப்போதையும்விட முக்கியமாகிவிட்டது. கணக்கு மென்பொருள் பயன்படுத்தும் கம்பெனிகள், ஒரு பதிவில் எந்தத் தேதியில் என்ன மாற்றப்பட்டது என்ற தடத்தை அழியாமல் வைத்திருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் சட்டம். தவறான பதிவை அழிக்காதே, திருத்தப் பதிவு போடு என்று நம் பழைய ஆசிரியர்கள் சொன்னதும் இதுவே. ஆனால் எங்களிடம் வரும் பிள்ளைகளில் பலர், கணினி ஆய்வகத்தில் ஆல்ட்-டி விசைகளை அழுத்தி வவுச்சரை, அதாவது பதிவையே, நீக்கிப் பழகியவர்கள்.

பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தமிழகத்தின் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அகமதிப்பீட்டுக்கு 25 மதிப்பெண் இருக்கிறது. கணக்கியல் தாள்களில் அதில் ஒரு பகுதியையாவது ஆவணக் கட்டுக்கு ஒதுக்கலாம். ஒரு சிறு கடையின் ஒரு மாத பில்கள், சலான்கள், வங்கி அறிக்கை ஆகியவற்றைக் கொடுத்து, குறிப்பேட்டிலிருந்து இருப்புநிலைக் குறிப்பு வரை மாணவரே எழுதட்டும். ஒன்றிரண்டு பில்கள் காணாமல் போயிருக்கட்டும். ஒரே பில் இரண்டு முறை வந்திருக்கட்டும். அவற்றைக் கண்டுபிடிப்பவருக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுங்கள். கூட்டுறவுப் பண்டக சாலை இருக்கும் கல்லூரிகளில் அதன் கணக்கையே மாணவர்கள் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு வகுப்பில் அறுபது பேரை வைத்துக்கொண்டு, குறைந்த தொகுப்பூதியத்தில் பாடம் நடத்தும் கௌரவ விரிவுரையாளர்களின் சிரமத்தை நான் அறியாதவள் அல்ல. நான்கைந்து பேர் கொண்ட குழுவுக்கு ஒரு கட்டு என்று பிரித்தால் திருத்தும் சுமை குறையும். ஆவணங்களுக்கும் பஞ்சமில்லை. வாடிக்கையாளர்களின் சம்மதத்தோடு, பெயரையும் ஜி.எஸ்.டி. எண்ணையும் மறைத்து நகல் தருவதற்கு எங்களைப் போன்ற அலுவலகங்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றன. வணிகவியல் துறைத் தலைவர்கள் வந்து கேட்டால், எங்கள் அலுவலகத்திலிருந்து முதல் கட்டை நானே எடுத்துத் தருவேன்.

இப்படிக்கு,
கணக்காளராகப் பணிபுரியும் வாசகி,
திருப்பூர்.