தெருவிளக்கைச் சாய்த்து மறைப்புத் தகடு பொருத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்,
வடக்குத் தெரு.

பெறுநர்:
செயல் அலுவலர் அவர்கள்,
பேரூராட்சி அலுவலகம்.

பொருள்: வடக்குத் தெரு முனை எல்.இ.டி. தெருவிளக்கைச் சரிசெய்து தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெருமுனைக்கு எல்.இ.டி. விளக்கு போட்டுக் கொடுத்ததற்கு நன்றி. டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள் இப்போது பயமில்லாமல் வருகிறார்கள். அதை அணைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. விளக்கு சாலையைப் பார்க்காமல் நிமிர்ந்து நிற்கிறது, அதுதான் குறை. கம்பத்தடிப் பள்ளம் இருட்டாகக் கிடக்க, சுவர் தாண்டி எங்கள் கொல்லை வேப்பமரத்தின் உச்சி வரை வெளிச்சம் அடிக்கிறது.

அந்தக் கொல்லையில்தான் சிறிய தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்தி, தெருப் பிள்ளைகளோடு நட்சத்திரங்களின் நிறங்களைப் படம் எடுத்து வருகிறேன். திருவாதிரை ஏறத்தாழ 3,500 டிகிரி வெப்பத்தில் செம்மஞ்சளாக இருக்கும். அது இருக்கும் ஓரியன் விண்மீன் கூட்டத்திலேயே உள்ள ரைஜெல் சுமார் 12,000 டிகிரியில் நீலம் கலந்த வெள்ளை. நிறத்தை வைத்தே வெப்பத்தைச் சொல்லிவிடலாம் என்பதைப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படித்திருந்தாலும், படத்தில் பார்க்கும்போதுதான் நம்புகிறார்கள்.

விளக்கு இதை எப்படிக் கெடுக்கிறது என்று தாங்கள் கேட்கலாம். நட்சத்திரத்தைக் கூர்மையாகக் குவித்து எடுத்தால் ஒளி ஒரே புள்ளியில் குவிந்து வெள்ளையாகிவிடும், நிறம் பதியாது. ஆகவே குவியத்தைச் சற்றே கலைத்து, புள்ளியைச் சிறு வட்டமாகப் பரப்பி எடுக்கிறோம். பரப்பினால் ஒளி மெலிந்துபோகும், கூடுதல் நேரம் கேமராவைத் திறந்து வைக்க வேண்டும். அந்த நேரம் முழுக்கத் தெருவிளக்கின் வெளிச்சமும் உள்ளே சேர்கிறது. வெள்ளை எல்.இ.டி.யில் நீலம் அதிகம், காற்றில் அதிகமாகச் சிதறுவதும் நீலம்தான். அல்பிரியோ என்ற பொன்னிற நட்சத்திரத்துக்கு நீலத்தில் மங்கலான துணை ஒன்று உண்டு. அது இந்த நீலப் படலத்தில் வெளிறிப்போகிறது. (பௌர்ணமி நிலவும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதற்கு எதிராக யாரிடம் மனு கொடுப்பது?)

லடாக்கின் ஹான்லே பகுதி 2022-இல், இரவு வானத்தைச் செயற்கை வெளிச்சத்திலிருந்து காக்கும் இருள் வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அந்த அளவுக்கு நாங்கள் கேட்கவில்லை. விளக்கின் முகத்தைச் சாலை நோக்கித் தாழ்த்தி, எங்கள் பக்கம் ஒரு தகரத் தகடு வைத்தால் போதும். அப்புறம், பல்பு மாற்றும் முறை வரும்போது 3,000 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) கொண்ட மஞ்சள் வெள்ளை விளக்காகப் போட்டுத் தரவும். விளக்கைத் தாழ்த்துவதால் கம்பத்தடிக்கும் கூடுதல் வெளிச்சம் கிடைக்கும், மின்செலவு அதிகமாகாது. தகட்டுக்கான செலவை நானே ஏற்றுக்கொள்கிறேன். கம்பத்தில் நாங்களாக ஏறக்கூடாது என்பதால்தான் தங்கள் அனுமதியும் மின்பணியாளரும் தேவைப்படுகிறார்கள்.

மார்கழியில் ஓரியன் முன்னிரவிலேயே மேலேறிவிடும். அதற்கு முன் செய்து தந்தால் பிள்ளைகளின் அரையாண்டு விடுமுறைக்கு உதவும். பணியாளர் வரும் நாளை முன்கூட்டிச் சொன்னால் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வடக்குத் தெருவாசி

இணைப்பு: விளக்கு எரியும்போதும் மின்தடையின்போதும் எடுத்த அல்பிரியோ படங்கள்.