ஷோர்டிச் இரவுகளின் செலவு: ஹாக்னி கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

ஹாக்னி கவுன்சிலின் லைசன்ஸ் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். லண்டனில், கிளப்புகள் நிறைந்த ஷோர்டிச் பக்கத்துக் கிங்ஸ்லாண்ட் ரோட்டில் விடியும்வரை திறந்திருக்கும் சின்ன ஒஃப் லைசன்ஸ் கடை (வாங்கிக்கொண்டுபோய்க் குடிக்க மதுபானம் விற்கும் கடை) ஒன்றை நடத்துகிறேன். 2017 முதல் நீங்கள் அறவிட்டுவரும் லேட் நைட் லெவி, அதாவது பின்னிரவு மதுபான விற்பனைக்கான ஆண்டுக் கட்டணம் பற்றித்தான் எழுதுகிறேன். அதை நீக்கச் சொல்லி இல்லை. இரவில் குடி விற்று உழைக்கிறவர்களுக்கு, அந்த இரவைக் காக்கும் செலவிலும் பங்கு இருக்கத்தான் வேண்டும். அந்தப் பங்கை எப்படிப் பிரிக்கிறார்கள், சேரும் காசு எந்தத் தெருவில் எந்த மணிக்குச் செலவாகிறது என்பதில்தான் எனக்கு முறைப்பாடு.

நள்ளிரவு தாண்டி மதுபானம் விற்க அனுமதி வைத்திருக்கிறவர்கள், விலக்குப் பெற்றவர்கள் தவிர, லெவி கட்ட வேண்டும். தொகையைத் தீர்மானிப்பது கட்டடத்தின் வரி மதிப்பு. 4,300 பவுண்ஸுக்கு மேல் 33,000 வரை மதிப்புள்ள இடத்துக்கு ஆண்டுக்கு 768 பவுண்ஸ். என்னுடையதைப் போன்ற மூலைக்கடை இதற்குள்தான் வரும். குடிப்பதற்கென்றே நடக்கிற, வரி மதிப்பு மிகக் கூடிய கிளப்புக்கு 4,400 பவுண்ஸும் கொஞ்சமும். ஆறு மடங்குகூட இல்லை! ஒருவர் பின் ஒருவராக ஆட்கள் வந்துபோகிற கடை எங்கே, நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் குடிவெறியோடு தெருவில் இறங்குகிற மண்டபம் எங்கே? ஸ்டாம்ஃபோர்ட் ஹில்லில் அமைதியான தெருவொன்றில் கடை வைத்திருப்பவருக்கும் இதே கணக்குத்தான்.

இந்த அளவுகோலை வகுத்தது மத்திய அரசு, நீங்கள் அல்ல. ஆனாலும் அதை மாற்றச் சொல்லி உள்துறை அமைச்சுக்கு உரத்து எழுத வேண்டியவர்கள் நீங்கள்தான். எத்தனை பேரை உள்ளே விடலாம், எத்தனை மணிவரை ஊற்றலாம் என்பதை வைத்துத் தொகை போடட்டும். அப்படிப் போட்டு எனக்குக் கூடினாலும் கட்டுவேன்.

வெள்ளி, சனி இரவுகளில் கிளப் சனம் வெளியே வந்ததும் 149, 243 பஸ் நிறுத்தங்களில் நெரிசல் தொடங்கிவிடும். அடிபிடி பெரும்பாலும் கிளப்புக்குள் நடப்பதில்லை. பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில், சிக்கன் கடை வரிசையில், டாக்ஸிக்கு முந்துகிற நேரத்தில்தான் நடக்கும். உதடு கிழிந்த பெடியன்கள் கடைக்குள் வந்து ஐஸும் கிச்சன் ரோலும் கேட்பார்கள். நாங்கள் காசு வாங்குவதில்லை. "பொலிஸைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் தலையாட்டி மறுத்துவிட்டு நடையைக் கட்டுவார்கள். பொலிஸ் பதிவை மட்டும் பார்த்து ரோந்து போடுகிறவர்களுக்கு இந்த இரத்தம் தெரியவே வராது.

கார்டிஃப் நகரத்தில் இதைத்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். முக, தாடை அறுவைச் சிகிச்சை நிபுணர் ஜோனதன் ஷெப்பர்ட், தன்னிடம் தையலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் பொலிஸின் கணக்கில் இல்லை என்பதைக் கவனித்தார். அவசர சிகிச்சைப் பிரிவின் வரவேற்பு மேசையிலேயே சில கேள்விகள் கேட்க ஏற்பாடு செய்தார்: எங்கே அடிபட்டது, எத்தனை மணிக்கு, எதனால்? கை முட்டியா, போத்தலா, கத்தியா? பெயரை நீக்கிய அந்தத் தகவல் பொலிஸுக்கும் கவுன்சிலுக்கும் போனது. ரோந்து அதன்படி இடம் மாறியது. 2011இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, ஒத்த மற்ற நகரங்களோடு ஒப்பிட்டால் வன்முறைக் காயத்தோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் அங்கே 42 சதவீதம் குறைந்ததாகச் சொல்கிறது.

ஷோர்டிச்சில் அடிபடுகிறவர்கள் போவது ஹோமர்டனுக்கும் வைட்சப்பலில் உள்ள ரோயல் லண்டனுக்கும். அந்த இரண்டு மருத்துவமனைகளின் பதிவைப் பார்த்து லெவிக் காசு எங்கே போவது என்று முடிவுசெய்யுங்கள். செலவு கழிந்த வருமானத்தில் குறைந்தது 70 சதவீதம் பொலிஸுக்கு என்று சட்டம் சொல்கிறது. அந்தக் காசில் எத்தனை பொலிஸார், எந்தத் தெருவில், எந்த மணிமுதல் எந்த மணிவரை நின்றார்கள் என்று ஆண்டுதோறும் தெருவாரியாக வெளியிடுங்கள். ஆண்டு மொத்தத்தை ஒற்றை வரியில் தந்தால் எங்களால் எதையும் சரிபார்க்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. வெறி ஏறியவருக்கு மதுபானம் விற்பது 2003ஆம் ஆண்டு லைசன்ஸ் சட்டத்தின் 141ஆம் பிரிவின்படி குற்றம். அதனால்தான் மறுக்கிறோம், ஒவ்வொரு மறுப்பையும் ரிஃபியூசல் புக்கில் எழுதுகிறோம். மறுத்ததற்காக ஏச்சும் எச்சிலும் தள்ளும் வாங்குவது கல்லாவில் நிற்கும் பெடியன்தான். கிளப் வாசலிலாவது லைசன்ஸ் பெற்ற காவலர்கள் நிற்கிறார்கள். எங்கள் கடைகளில் ஒரு ஆளும் ஒரு பெல்லும் மட்டுமே. அந்தப் புத்தகங்களை லைசன்ஸ் பரிசோதனைக்கு மட்டும் புரட்டாமல், எந்த மணியில் எங்கே வெறி கூடுகிறது என்பதற்குச் சாட்சியாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். என் கடைப் புத்தகத்தைத் தர நான் தயார்.

இதைப் பேச ஒரு கூட்டம் வைப்பதானால் பிற்பகலில் வையுங்கள். காலையில் இரவு வேலைக்காரர்கள் அப்போதுதான் படுத்திருப்பார்கள். மாலையில் கடையை விட்டு வர முடியாது.

இப்படிக்கு,
கிங்ஸ்லாண்ட் ரோட்டில் இரவுக்கடை நடத்தும் ஒருவன்